கடல்நீர் புகுந்த வி-6 என்ஜினுக்கு மாற்றாக எதைப் போடலாம்?

கேள்வி இதுதான். முட்டுக்காடு கழிமுகத்தை ஒட்டி வைத்திருக்கும் 21 அடி ஃபைபர் படகு. உள்ளே மெர்குரூசர் 4.3 லிட்டர் வி-6, கார்புரேட்டர் வகை, 190 குதிரைத்திறன். பின்னால் ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன் டிரைவ், அதாவது என்ஜினின் விசையைப் பின்சுவருக்கு வெளியே இருக்கும் புரொப்பல்லருக்குக் கடத்தும் கியர் அமைப்பு. ஆயிலில் கடல்நீர் கலந்துவிட்டது, பிளாக் தேறாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். குறைந்த செலவில், முன்பைவிட வேகமாக ஓடக்கூடிய என்ஜின் வேண்டும். நண்பர் ஒருவர் 5.7 லிட்டர் வி-8 என்கிறார். இன்னொருவர் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கார் என்ஜின் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். மூன்றாமவர் இரண்டு அவுட்போர்டு, அதாவது பின்சுவருக்கு வெளியே தொங்கும் மோட்டார், மாட்டச் சொல்கிறார். எதைக் கேட்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவும், டிரான்சம் எனப்படும் பின்சுவரும் நல்ல நிலையில் இருந்தால், அதே 4.3 லிட்டர் என்ஜினின் புதுப்பிக்கப்பட்ட லாங் பிளாக்கை (கிராங்க், பிஸ்டன், ஹெட் எல்லாம் பொருத்திய பிளாக்) வாங்கி, கடல்நீரை பிளாக்குக்குள் விடாத மூடிய குளிர்விப்பு அமைப்பையும் சேர்த்துப் போடுங்கள். டிரைவும் தேய்ந்துபோயிருந்தால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 150 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்றுக்கு மாறுங்கள். வி-8 வேண்டாம், இரட்டை மோட்டார் வேண்டாம், கார் என்ஜின் கண்டிப்பாக வேண்டாம். படகு என்ஜினை ஒரு ரூபாய்க்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் இரண்டு ஆண்டில் மறுபடியும் இதே கேள்வியோடு வருகிறார்கள். என்ஜின், டிரைவ், புரொப்பல்லர், குளிர்விக்கும் நீர், எரிபொருள், உதிரிப்பாகம் எல்லாம் சேர்ந்த தொகுப்பைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள்.

எதை வாங்குவதற்கும் முன்னால், பழைய என்ஜின் எதனால் போனது என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இந்த வகை என்ஜின்களில் ஆயிலுக்குள் கடல்நீர் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பிளாக் அல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ரைசரும்தான். சூடான புகையும் குளிர்வித்து முடித்த கடல்நீரும் ரைசரில்தான் ஒன்றுசேர்ந்து வெளியேறுகின்றன. அதுவரை இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு வார்ப்பிரும்புச் சுவர் மட்டுமே. உப்பு அதை உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே பெயின்ட் புதிதாகவே தெரியும். சுவரில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் போதும், என்ஜினை நிறுத்திய பிறகு நீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கும். மறுநாள் சாவியைத் திருப்பும்போது பிஸ்டனுக்கு மேலே நீர் நிற்கும். நீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். வளையவில்லை என்றாலும் சிலிண்டர் சுவர் சில நாட்களிலேயே துருப்பிடித்து, ரிங் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே மேனிஃபோல்டுகளைக் கழற்றி, எந்தெந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயில் துரு வடிந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு சிலிண்டரில் மட்டும் துரு இருந்தால் ரைசரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். பிளாக்கைப் பிரித்து, பிரஷர் டெஸ்டும் விரிசல் சோதனையும் செய்யாமல் ‘பிளாக் போய்விட்டது’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். சென்னையில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. அம்பத்தூர், கிண்டி பக்கம் கிராங்க் கிரைண்டிங், போரிங், ஹோனிங் செய்யும் பட்டறைகளில் கைத்திறன் மிக்கவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டரை 0.030 அங்குலம், அதாவது ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் பிளாக் பிழைத்துவிடும் வாய்ப்பு உண்டு. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். நம் சாலைகளில் இந்த என்ஜின் ஓடுவதில்லை. அப்படியும் முழு லாங் பிளாக்கை வரவழைப்பதைவிடச் செலவு குறைவாகவே இருக்கும். பிளாக் பிழைத்தாலும் சரி, புதியது வந்தாலும் சரி, பழைய மேனிஃபோல்டையும் ரைசரையும் திரும்ப மாட்டாதீர்கள். கடலில் ஓடும் படகுக்கு அவற்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். இந்த ஒரு செலவை மிச்சம் பிடிக்கப் போய்ப் புது என்ஜினையும் அதே வழியில் இழந்தவர்கள் பலர்.

இப்போது வேகத்துக்கு வருவோம். நீரின் மேலெழுந்து சறுக்கி ஓடும் படகுகளுக்கு க்ரவுச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. அதன் சாரம் இது: வேகம் குதிரைத்திறனுக்கு நேர் விகிதத்தில் ஏறாது, குதிரைத்திறனை எடையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். உங்கள் படகு ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,700 கிலோ, 190 குதிரைத்திறனில் 34 நாட், அதாவது மணிக்கு 63 கிலோமீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 250 குதிரைத்திறன் வி-8 போட்டால், கூடுதல் எடையைக் கணக்கில் எடுக்காமலே, 39 நாட்தான் வரும். திறன் 32 சதவீதம் கூடியது, வேகமோ 15 சதவீதம். அதே 4.3 லிட்டரின் எரிபொருள் தெளிப்பு வகை 220 குதிரைத்திறன் தரும். அதில் ஏறக்குறைய 36.5 நாட் கிடைக்கும். 150 குதிரைத்திறன் அவுட்போர்டு மாட்டி, பழைய என்ஜினையும் டிரைவையும் எடுத்ததால் 200 கிலோ குறைகிறது என்றால் 32 நாட். நாற்பது குதிரைத்திறனை இழந்தும் இரண்டு நாட்தான் குறைகிறது. எடை எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே தெரியும்.

அதனால் என்ஜின் வெளியே இருக்கும் இந்த நேரத்தில் படகை எடைபோட்டுப் பாருங்கள். எடைமேடையில் டிரெய்லரோடு ஏற்றி, டிரெய்லரின் எடையைக் கழித்தால் போதும். பழைய படகுகளில் தரைக்கு அடியில் நிரப்பிய மிதவை நுரை ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சி, நூற்றுக்கணக்கான கிலோ கனத்துப்போயிருக்கும். அடிப்பாகத்தில் கொட்டலசு எனப்படும் ஓட்டு உயிரிகள் பிடித்திருந்தால் அதுவும் வேகத்தைத் தின்னும். நனைந்த நுரையை எடுத்து, அடியைச் சுரண்டிப் பூச்சு அடிப்பதற்கு ஆகும் செலவில் கிடைக்கும் வேகம், வேறு எந்த வழியிலும் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

லாங் பிளாக் வாங்கும்போது ‘4.3 லிட்டர் வி-6’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் தவறான பொருள் வந்து சேரும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இந்த என்ஜின் நீண்ட காலம் தயாரிக்கப்பட்டது. இடையில் பலமுறை மாறியது. 1990-களின் தொடக்கத்தில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் வந்தது. 1996 வாக்கில் வோர்டெக் என்ற புதிய வகை சிலிண்டர் ஹெட் வந்தது. அதோடு இன்டேக் மேனிஃபோல்டு போல்ட் அமைப்பும் மாறியது. பழைய இன்டேக் புதிய ஹெட்டில் உட்காராது. என்ஜினின் வரிசை எண்ணைக் கொடுத்து, அதற்குரியதைத்தான் கேட்க வேண்டும். வோர்டெக் ஹெட்டில் காற்றோட்டம் மேலானது. உங்களுடையது அதற்கு முந்தைய வகை என்றால், இன்டேக்கோடு சேர்த்து வோர்டெக் லாங் பிளாக்குக்குப் போவதை நான் ஆதரிப்பேன். விசையைக் கூட்டுவதற்கு இதைவிட நாணயமான வழி இல்லை. இன்னொன்று: இரட்டை இன்போர்டு, அதாவது உள்ளே இரண்டு என்ஜின் உள்ள படகுகளில் ஒரு என்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுழலும் வகையாக இருப்பதுண்டு. அப்படிக் கழற்றியது மலிவாகக் கிடைத்தாலும் ஆல்ஃபா டிரைவுக்கு உதவாது.

அமெரிக்க விலைப்பட்டியலைப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். அங்கே புதுப்பிக்கப்பட்ட என்ஜினின் விலை, உங்கள் பழைய என்ஜினைத் திருப்பித் தருவீர்கள் என்ற நிபந்தனையில் சொல்லப்படுவது. சென்னையிலிருந்து துருப்பிடித்த பிளாக்கை யாரும் கப்பலேற்றப் போவதில்லை. ஆகவே அந்த முன்பணம் திரும்ப வராது. அதன்மேல் கப்பல் கட்டணம், சுங்கத் தீர்வை, ஜிஎஸ்டி, துறைமுகத்திலிருந்து எடுக்கும் செலவு. எல்லாவற்றையும் கூட்டி, கையில் வந்து சேரும் விலையை மட்டுமே ஒப்பிட வேண்டும். பழைய பொருள் இறக்குமதிக்குத் தனி விதிகள் இருப்பதால், பணம் அனுப்புவதற்கு முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

மூடிய குளிர்விப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பழைய என்ஜினில் கடல்நீர் நேரடியாக பிளாக்குக்குள் ஓடியிருக்கும். அந்த அமைப்பில் தெர்மோஸ்டாட் 60 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் சூடானால் கடல்நீரில் இருக்கும் உப்பு வகைகள் உள்ளே படியத் தொடங்கும். அதாவது என்ஜின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடுகிறது, எப்போதும் அரிக்கப்படுகிறது. மூடிய அமைப்பில் பிளாக்குக்குள் கூலன்ட் மட்டுமே சுற்றும். கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிடும். என்ஜின் எழுபது டிகிரிக்கு மேல் சீரான வெப்பத்தில் ஓடும். பெட்ரோல் ஒழுங்காக எரியும். ஆயிலில் ஈரம் தங்காது. வெப்பமும் உப்பும் மிகுந்த நம் கடலோரத்தில் இது ஆடம்பரம் அல்ல. பிளாக்கை மட்டும் காக்கும் பாதி அமைப்பும், மேனிஃபோல்டையும் சேர்த்துக் காக்கும் முழு அமைப்பும் உண்டு. பணம் இடம்கொடுத்தால் முழு அமைப்பு. ஆனால் இதைப் புதிய, சுத்தமான பிளாக்கில்தான் பொருத்த வேண்டும். ஏற்கெனவே உப்புநீர் ஓடிய பிளாக்கில் பொருத்தினால் உள்ளே உரியும் துரு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களை அடைக்கும். உங்கள் பழைய பிளாக்கையே மீட்பதாக இருந்தால், பட்டறையில் அதன் நீர்ப்பாதைகளை ரசாயனக் குளியலில் துப்புரவாகக் கழுவிய பிறகே இந்த அமைப்பைப் பற்றி யோசியுங்கள்.

எந்த அமைப்பாக இருந்தாலும் கடல்நீர் பம்பின் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் ஆழம் குறைவு. மணல் கலந்த நீரைத்தான் பம்ப் உறிஞ்சுகிறது. கோடையில் சொறி மீன் (ஜெல்லிமீன்) கூட்டம் வந்தால் நீர் உள்வாயே அடைபடும். வெப்பமானி முள்ளைப் பார்க்காமல் ஓட்டுபவருக்கு எந்த என்ஜினும் நிலைக்காது.

வி-8 ஏன் வேண்டாம் என்கிறேன்? 4.3 என்பது 5.7 லிட்டர் வி-8 என்ஜினில் இரண்டு சிலிண்டரைக் குறைத்த வடிவம்தான். பின்பக்கப் பொருத்தமெல்லாம் ஒன்றே. அதனால்தான் ‘அப்படியே மாட்டிவிடலாம்’ என்று சொல்கிறார்கள். மாட்டலாம். ஆனால் நீளம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடும். எடை சுமார் ஐம்பது கிலோ கூடும். அந்த எடை முழுதும் படகின் பின்பகுதியில் விழும். அடுத்தது டிரைவின் கியர் விகிதம். வி-6 படகுகளில் ஆல்ஃபா டிரைவ் பொதுவாக 1.84-க்கு 1 என்ற விகிதத்தில் வரும்; என்ஜின் 1.84 முறை சுழன்றால் புரொப்பல்லர் ஒருமுறை சுழலும். வி-8 படகுகளில் 1.5-க்கு 1. வி-8 போட்டுப் பழைய டிரைவையே வைத்துக்கொண்டால், கூடுதல் விசையைப் பயன்படுத்த மிகப் பெரிய பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பல்லர் தேவைப்படும். கியர்களின் மேல் சுமை ஏறும். டிரைவையும் மாற்றினால் செலவு இரட்டிப்பாகும். ஆல்ஃபா டிரைவ் ஏறக்குறைய 300 குதிரைத்திறன் வரைக்குமானது. அதற்கு மேல் இன்னும் வலுவான பிராவோ வகை டிரைவுக்குப் போக வேண்டும். 5.7 பிளாக்கில் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட கிராங்க் போட்டு 383 கன அங்குலமாக்கும் வேலையையும் இணையத்தில் காட்டுவார்கள். அருமையான என்ஜின்தான். 21 அடிப் படகின் பழைய ஆல்ஃபா டிரைவோடு அதை இணைப்பது டிரைவுக்கு நாள் குறிப்பது.

பெட்ரோல் கணக்கும் இருக்கிறது. இந்த வகை என்ஜின்கள் முழு வேகத்தில் பத்து குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு அமெரிக்க கேலன், அதாவது 3.8 லிட்டர், குடிக்கும் என்பது தோராய விதி. 250 குதிரைத்திறனுக்கு மணிக்கு 95 லிட்டர். உங்கள் பழைய வி-6-க்கு 72 லிட்டர். 150 அவுட்போர்டுக்கு 57 லிட்டர். சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைச் சுற்றி விற்கும்போது, இந்த வித்தியாசம் ஓட்டும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சேர்ந்துகொண்டே போகும்.

கார் என்ஜின் விஷயத்தில் என்னால் நிதானமாகப் பேச முடிவதில்லை, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. புதுப்பேட்டையில் நல்ல என்ஜின்கள் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் காரில் பானட்டுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் ஆவி கசிந்தாலும் கீழே இறங்கிச் சாலையில் கலைந்துவிடும். படகில் என்ஜின் இருப்பது மூடிய பள்ளம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் தேங்கும். அதனால்தான் படகு என்ஜினின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உள்ளே எழும் தீப்பொறி வெளியே வராதபடி தனியாகச் செய்யப்படுகின்றன. கார்புரேட்டரில் பெட்ரோல் பொங்கினால் வெளியே வழியாமல் உள்ளேயே விழும். மேலே தீத்தடுப்பு வலை இருக்கும். பெட்ரோல் பம்பின் ஜவ்வு கிழிந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாது. கார் பாகங்களில் இவை எதுவும் கிடையாது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் கார் ஆல்டர்னேட்டர் கால்வாசி விலையில் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பெட்ரோல் இன்போர்டு எதுவானாலும், ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரை நான்கு நிமிடம் ஓடவிட்டு, பள்ளத்தை மோந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். இந்தப் பழக்கத்தை வீட்டில் படகு ஓட்டும் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள்.

தீயை விட்டுவிட்டாலும் கார் என்ஜின் தாங்காது. சமதளச் சாலையில் கார் தன் விசையில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. படகு என்ஜினின் வேலையோ முழுச் சுமை ஏற்றிய லாரி கொல்லிமலையில் ஏறுவது போன்றது. அந்த ஏற்றம் முடிவதே இல்லை. அதற்கேற்ற கேம் ஷாஃப்டும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கேஸ்கெட்டும் வேண்டும். காரின் வேகமான கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதிகம். மெதுவாக ஓடும்போது எக்ஸாஸ்டில் இருக்கும் நீரை அது உள்ளே இழுக்கும். மீண்டும் சிலிண்டருக்குள் கடல்நீர்தான்.

இனி அவுட்போர்டு. டிரைவில் கியர் எண்ணெய் வெளுத்திருந்தாலோ, கியர் மாற்றும்போது முரட்டுச் சத்தம் வந்தாலோ, டிரைவையும் என்ஜினையும் சேர்த்துப் புதுப்பிக்கும் தொகை புதிய அவுட்போர்டின் பக்கத்தில் வந்துவிடும். அப்போது மாறிவிடுவதே நல்லது. ஆழம் குறைந்த கழிமுகத்தில் மோட்டாரை முழுதாக நீருக்கு வெளியே தூக்க முடிகிறது. ஓட்டி முடித்ததும் நன்னீர் விட்டுக் கழுவ முடிகிறது. பெட்ரோல் ஆவி தேங்கும் என்ஜின் பள்ளமே இல்லை. யமஹா, சுசுகி, மெர்க்குரி, ஹோண்டா எல்லாவற்றிலும் 150 வகை இருக்கிறது. மெர்க்குரியின் 3.0 லிட்டர் வகை 2011-இல் வந்தது. எளிமையான அமைப்பு, எடை சுமார் 206 கிலோ. சுசுகி 150-இன் கியர் விகிதம் 2.5-க்கு 1, யமஹாவில் 2.0-க்கு 1, மெர்க்குரியில் 1.92-க்கு 1. விகிதம் பெரிதாக இருந்தால் பெரிய புரொப்பல்லரைச் சுழற்றலாம்; கனமான படகை அது சிரமமின்றி எழுப்பும். உங்கள் படகு கனமானது என்பதால் நானாக இருந்தால் சுசுகியை முதலில் பார்ப்பேன். ஆனால் பிராண்டைவிட முக்கியமானது, உங்கள் படகிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் அந்த பிராண்டின் உதிரிப்பாகமும், அதை நோய் கண்டறியும் கணினியோடு வரும் மெக்கானிக்கும் இருக்கிறார்களா என்பது. சிறிய மோட்டார்களைக் காசிமேட்டிலும் கோவளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எரிபொருள் தெளிப்பு வகை 150-ஐ அதே கையால் பிரிக்க விடாதீர்கள்.

இரண்டு மோட்டாரா, ஒன்றா என்ற கேள்விக்கு: நீங்கள் கரையோரத்தில் ஓட்டுபவர். இரண்டு 75 மாட்டினால் எடை கூடும், நீருக்குள் இரண்டு கால்கள் இழுக்கும், பராமரிப்பு இரட்டிப்பாகும். வேகம் ஒற்றை 150-ஐவிடக் குறையும். ஒன்று நின்றால் இன்னொன்று கரைசேர்க்கும் என்பது ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு நியாயமான காரணம்.

மாற்றத்தின் உண்மையான செலவு டிரான்சத்தில்தான் இருக்கிறது. ஸ்டெர்ன் டிரைவுக்காக வெட்டிய ஓட்டையை ஃபைபர் கொண்டு முறையாக அடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறி மக்கியிருக்கக்கூடும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்து, மங்கிய சத்தம் வரும் இடங்களைக் குறியுங்கள். சந்தேகம் இருந்தால் சின்னத் துளை போட்டு வரும் மரத்தூளைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, கறுப்பாக வந்தால் டிரான்சத்தையே புதிதாகக் கட்ட வேண்டும். இருநூறு கிலோ மோட்டார் முழு விசையில் தள்ளுவது அந்தச் சுவரைத்தான். டிரான்சம் உயரத்தைப் பொறுத்து 20 அங்குல ஷாஃப்டா, 25 அங்குல ஷாஃப்டா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். இதில் தவறினால் மோட்டாரையே மாற்ற வேண்டிவரும்.

பழைய அவுட்போர்டு வாங்குவதாக இருந்தால், கணினியில் பதிவான ஓட்ட நேரத்தைக் கேளுங்கள். எல்லா சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் எண்ணெயை வடித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தால் உள்ளே உப்பு அரித்திருப்பது தெரியும். இறக்குமதி ரசீது இல்லாத மோட்டாரைத் தொட வேண்டாம். எவின்ரூட் மோட்டார்களின் தயாரிப்பு 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது; எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இன்று சென்னையில் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் பெட்ரோல். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. படகு மோட்டார்களின் கையேட்டில் பெரும்பாலும் 10 சதவீதம்தான் உச்ச வரம்பு. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். என்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய ரப்பர் குழாய்களையும், ஃபைபர் டேங்காக இருந்தால் அதன் ரெசினையும் அது இளக்கும். ஆகவே எந்த என்ஜினைத் தேர்ந்தெடுத்தாலும் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். நீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் போடுங்கள். படகை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். விற்பனையாளரிடம் எத்தனால் வரம்பையும் வாரண்டியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

டீசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீ ஆபத்து குறைவு, எரிபொருள் சிக்கனம், நீண்ட ஆயுள். ஆனால் இந்த அளவுப் படகுக்குத் தேவையான இலகுவான, வேகமான மரைன் டீசல் உங்கள் படகின் இன்றைய மதிப்பைவிட விலை அதிகமாகிவிடும். விசைப்படகுகளுக்கான டீசல் என்ஜின்கள் மலிவாகக் கிடைத்தாலும் அவற்றின் எடை இந்தப் படகை எழும்பவே விடாது.

வேலையை எப்போது கொடுப்பது என்பதும் செலவைப் பாதிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேட்டின் மெக்கானிக்குகளும் லேத் பட்டறைகளும் விசைப்படகு வேலையில் மூழ்கியிருப்பார்கள். மீனவர்களின் ஓராண்டு வருமானம் அந்த அறுபத்தொரு நாள் பழுதுபார்ப்பை நம்பியிருக்கிறது. அவர்களுக்குத்தான் முன்னுரிமை, அதுவே நியாயம். தடைக்காலம் முடிந்த பிறகு பட்டறைக்குக் கொடுத்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிடலாம். பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் என்ஜின் விவரம் இருக்கும். மாற்றியதும் இரண்டு இடத்திலும் தெரிவித்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை புரொப்பல்லர். பணம் போட்டவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். உங்கள் வி-6-க்கு முழு த்ராட்டிலில் 4,400 முதல் 4,800 சுற்று வர வேண்டும். 1.84 விகிதத்தில் 4,600 சுற்று என்றால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,500 முறை சுழலும். 19 அங்குல பிட்ச்சுக்கு, நீரில் வழுக்கி வீணாகும் சுற்றைக் கணக்கில் எடுக்காத வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். 12 சதவீதம் வழுக்கல் போக 63 மிஞ்சும். சுற்று 4,400-ஐ எட்டாவிட்டால் பிட்ச்சைக் குறையுங்கள். 4,800-ஐத் தாண்டினால் கூட்டுங்கள். ஒரு அங்குல பிட்ச் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்றை மாற்றும். அவுட்போர்டுகளுக்கு இந்த எல்லை பொதுவாக 5,000 முதல் 6,000 வரை; உங்கள் மோட்டாரின் கையேட்டில் இருக்கும் எண்ணைப் பின்பற்றுங்கள். புது என்ஜினைக் கையேடு சொல்லும் பழக்கும் காலம் முடியும்வரை முழு வேகத்தில் நீடித்து ஓட்டாமல் சுற்றை ஏற்றி இறக்கி ஓட்டிவிட்டு, அதன் பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எப்போதும் ஏற்றும் ஆட்களோடும் அரை டேங்க் பெட்ரோலோடும் போங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். தெற்கு நோக்கி ஒருமுறை, வடக்கு நோக்கி ஒருமுறை ஓட்டி சராசரி எடுங்கள். தெண்டி, வண்ணி என்று நம் மீனவர்கள் சொல்லும் நீரோட்டங்களில் எது ஓடினாலும் ஒருவழிக் கணக்கு தப்பாகிவிடும்.

என்ஜினின் வரிசை எண், டிரைவில் பொறித்திருக்கும் கியர் விகிதம், டிரான்சத்தின் உயரம், தட்டிப் பார்த்ததில் தெரிந்த நிலை, எடைமேடையில் வந்த எடை ஆகியவற்றைக் குறித்து அனுப்புங்கள். எந்த ஆண்டு லாங் பிளாக் பொருந்தும், எந்த ஷாஃப்ட் அளவு வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.